வீட்டு மேசையா, அலுவலக மேசையா? அளந்து பார்த்தால் என்ன தெரிகிறது?

2025 ஜனவரி 20ஆம் தேதி, அமெரிக்க அதிபராக இரண்டாம் முறை பதவியேற்ற டோனல்ட் டிரம்ப் அன்றே பல ஆணைகளை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று மிகச் சிறியது. சில வரிகள்தான். வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏற்பாடுகளை அரசாங்கத் துறைத் தலைவர்கள் கூடிய விரைவில் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும். ஊழியர்கள் முழுநேரமும் தங்கள் பணியிடத்துக்கு நேரில் வர வேண்டும். தேவை என்று கருதினால் துறைத் தலைவர்கள் விதிவிலக்கு அளிக்கலாம். அவ்வளவுதான்.

அந்தச் சில வரிகள் ஆயிரமாயிரம் குடும்பங்களில் பெரிய பேச்சாகிவிட்டன. வீட்டை விற்க வேண்டுமா? பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது? வயதான அம்மாவை யாரிடம் விட்டுச் செல்வது? இன்னொரு பக்கம், "சம்பளம் வாங்குபவர்கள் வேலைக்கு வரச் சொன்னால் வர வேண்டியதுதானே, இதில் என்ன புலம்பல்?" என்று கேட்டவர்களும் நிறைய.

சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொல்லலாம். ஆனால் இது அறிவியல் பக்கம். இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வீட்டில் செய்யும் வேலை அலுவலகத்தில் செய்யும் வேலையைவிடக் குறைவா, கூடுதலா என்று யாராவது ஒழுங்காக அளந்து பார்த்திருக்கிறார்களா? அளந்திருக்கிறார்கள். ஊழியர்களின் பிறந்த தேதியைக் கொண்டு அளந்திருக்கிறார்கள். கட்டடங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கொண்டும் அளந்திருக்கிறார்கள். சென்னையில் ஒருமுறை அளந்தபோது கிடைத்த விடை விடுகதைபோல இருந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

எத்தனை பேர்?

அமெரிக்க அரசாங்க ஊழியர்கள் எல்லாரும் கொவிட்-19 காலத்திலிருந்து வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் அந்நாட்டில் பரவலாக இருந்தது. எண்கள் வேறு கதை சொல்கின்றன. வெள்ளை மாளிகையின் நிர்வாக, வரவுசெலவுத் திட்ட அலுவலகம் 2024 ஆகஸ்ட்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி, கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட சுமார் 2.28 மில்லியன் ஊழியர்களில் 54 விழுக்காட்டினருக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் வாய்ப்பே இல்லை. விமான நிலையத்தில் பைகளைச் சோதிப்பவர், முன்னாள் ராணுவ வீரர்களுக்கான மருத்துவமனையில் பணிபுரியும் தாதி, காட்டுத்தீயை அணைப்பவர் ஆகியோரின் வேலையை மடிக்கணினியில் செய்ய முடியாது அல்லவா?

மிச்சம் 46 விழுக்காட்டினரில் இரண்டு வகையினர் உண்டு. சுமார் 228,000 பேர், அதாவது மொத்த ஊழியர்களில் 10 விழுக்காட்டினர், முழுக்க முழுக்கத் தொலைவிலிருந்தே வேலை செய்தனர். மற்றவர்கள் சில நாள் வீட்டில், சில நாள் அலுவலகத்தில் என்று இருந்தனர். இந்த இரண்டாம் வகையினர் தங்கள் வேலை நேரத்தில் ஏறக்குறைய 61 விழுக்காட்டை நேரில் வந்துதான் செலவிட்டனர். ஐந்து நாள் வேலை வாரத்தில் அது மூன்று நாள்.

ஆக, பெரும்பாலோரின் கவலை வாரத்தில் அந்த மிச்சம் இரண்டு நாள் பற்றியது. 228,000 பேருக்கோ, எந்த ஊரில் வாழ்வது என்பதே கேள்வி.

கையில் இருந்த குவளை

இரண்டு நாளுக்கு இவ்வளவு கவலையா என்று நீங்கள் கேட்கலாம். மனித மனத்தைப் பற்றிய ஒரு புகழ்பெற்ற சோதனை இங்கே உதவும்.

டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்திய சோதனையின் முடிவை 1990ல் வெளியிட்டனர். வகுப்பில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காப்பிக் குவளை இலவசமாகக் கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. பிறகு, குவளை வைத்திருப்பவர்களிடம் "என்ன விலைக்கு விற்பீர்கள்?" என்றும், இல்லாதவர்களிடம் "என்ன விலை கொடுத்து வாங்குவீர்கள்?" என்றும் கேட்கப்பட்டது. இரண்டும் ஒரே குவளைதான். ஆனால் விற்பவர்கள் கேட்ட விலை, வாங்குபவர்கள் சொன்ன விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. சில நிமிடங்களுக்கு முன்புதான் அந்தக் குவளை அவர்கள் கைக்கு வந்தது!

கையில் இருப்பதை இழக்கும் வலி, அதே பொருள் புதிதாகக் கிடைக்கும் மகிழ்ச்சியைவிடப் பெரியது. குவளைக்கே இப்படி என்றால், ஐந்து ஆண்டுகளாக ஒருவர் தம் வாழ்க்கையையே அமைத்துக்கொண்ட ஏற்பாட்டைத் திரும்பக் கொடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அலுவலகம் இல்லாத சிற்றூரில் வீடு வாங்கியவர் இருப்பார். சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவதால், வீட்டில் எல்லாவற்றையும் தமக்கு ஏற்ற உயரத்தில் அமைத்துக்கொண்டவர் இருப்பார். உடற்குறை உள்ளோருக்கும் சில மருத்துவக் காரணங்களுக்கும் விதிவிலக்கு உண்டு என்று அரசாங்கத்தின் வழிகாட்டுதல் சொன்னது. ராணுவத்தினரின் வாழ்க்கைத்துணைகளுக்கும் உண்டு. ஆனால் விதிவிலக்கை விண்ணப்பித்துப் பெற வேண்டும். கிடைக்கும்வரை கவலைதான்.

இந்த ஏற்பாட்டின் மதிப்பைப் பணத்திலும் அளந்திருக்கிறார்கள். வேலை தேடும் அமெரிக்கர்களிடம் நடத்தி 2017ல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், வீட்டிலிருந்து வேலை செய்யும் வாய்ப்புக்காகச் சராசரியாக 8 விழுக்காடு குறைந்த சம்பளத்தை ஏற்க அவர்கள் தயாராக இருந்தனர். மாதம் 5,000 வெள்ளி வாங்குபவர் 400 வெள்ளியை விட்டுக்கொடுப்பதுபோல. அப்படிப் பார்த்தால், அந்த வாய்ப்பை ஒரே ஆணையில் எடுத்துவிடுவது சம்பள வெட்டு போலத்தான் ஊழியருக்குப் படும்.

நேரத்தையும் கணக்கிடலாம். 27 நாடுகளில் நடத்தப்பட்ட கருத்தாய்வு ஒன்று, வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் ஒருவருக்குச் சராசரியாக 72 நிமிடம் பயண நேரம் மிச்சமாகிறது என்று கண்டது. மிச்சமான நேரத்தில் 40 விழுக்காட்டை ஊழியர்கள் வேலைக்கே திருப்பிக் கொடுத்தார்கள். 34 விழுக்காடு ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் போனது. பிள்ளைகளையோ முதியோரையோ கவனிக்க 11 விழுக்காடு.

நம் ஊரில் நிலைமை சற்று வேறு. 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகளின்படி, தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு முறைப்படி விண்ணப்பிக்கலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். கேட்பதற்கு வழி உண்டு. கேட்டது கிடைத்தே தீரும் என்ற உறுதி இல்லை. தகுந்த வர்த்தகக் காரணம் இருந்தால் முதலாளி மறுக்கலாம்.

நெரிசலும் பனியும்

தொலைவிலிருந்து வேலை செய்யும் யோசனை கொவிட்-19ல் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் அப்பா அம்மா பிறப்பதற்கு முன்பே அது பிறந்திருக்கலாம். 1973ல், விண்வெளிப் பொறியியல் துறையிலிருந்து தென்கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஜாக் நில்ஸ், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் போக்குவரத்து நெரிசலைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். ஊழியரை வேலையிடத்துக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக, தொலைபேசிக் கம்பிவழி வேலையை ஊழியரிடம் கொண்டுபோனால் என்ன? அப்போது மேசைக்கணினிகூட வீடுகளுக்கு வந்திருக்கவில்லை.

அமெரிக்க அரசாங்கத்தை இந்தப் பக்கம் தள்ளியதில் பனிக்கும் பங்குண்டு. 2010 பிப்ரவரியில் வாஷிங்டனைக் கடும் பனிப்புயல் தாக்கியது. மத்திய அரசாங்க அலுவலகங்கள் தொடர்ந்து நான்கு நாள் மூடிக் கிடந்தன. வீட்டிலிருந்தே வேலை செய்யத் தெரிந்தவர்கள் மட்டும் வேலையைத் தொடர்ந்தார்கள். இதற்கான சட்டத்தைப் பற்றிய பேச்சு முன்பே இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அது நிறைவேறியது. ஒவ்வோர் அரசாங்க அமைப்பும் தொலைவிலிருந்து வேலை செய்வதற்கான கொள்கையை வகுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆக, இப்போது ஊழியர்கள் இழக்கும் ஏற்பாடு யாரோ அவசரத்தில் கொடுத்த சலுகை என்று சொல்ல முடியாது. சட்டத்தின் துணையோடு பத்தாண்டுக்கு மேல் வளர்ந்த ஒன்று அது.

எண்ணக்கூடிய வேலை

இனி அளப்பதற்கு வருவோம். ஓர் ஊழியர் எவ்வளவு வேலை செய்தார் என்பதை எப்படி அளப்பீர்கள்? மின்னஞ்சல்களை எண்ணுவதா? கூட்டங்களையா? எதை எண்ணினாலும் ஏதோ ஒன்று விடுபடும்.

அமெரிக்க அரசாங்கத்தில் ஓரளவு எண்ணக்கூடிய வேலை ஒன்று உண்டு. அது காப்புரிமை அலுவலகத்தில் நடக்கிறது. நீங்கள் ஒரு புதிய குடையைக் கண்டுபிடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தால், ஆய்வாளர் ஒருவர் அதைப் படிப்பார். உலகில் இதற்கு முன் யாராவது இப்படியொரு குடையைச் செய்திருக்கிறார்களா என்று பழைய ஆவணங்களில் தேடுவார். பிறகு தம் முடிவை விளக்கிக் கடிதம் எழுதுவார். அவர் எத்தனை விண்ணப்பங்களை முடித்தார் என்பதற்குப் புள்ளிக் கணக்கு உண்டு. வீட்டில் இருந்தாலும் அலுவலகத்தில் இருந்தாலும் புள்ளி புள்ளிதான்.

அந்த அலுவலகத்தில் பல ஆண்டுகளாகவே பலர் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். ஆனால் வாரம் ஒருமுறை அலுவலகத்துக்கு வர வேண்டும் என்பதால் அதன் அருகில்தான் குடியிருக்க முடிந்தது. 2012ல் புதிய திட்டம் ஒன்று தொடங்கியது. அதில் சேர்ந்தவர்கள் அமெரிக்காவின் எந்த மூலையில் வேண்டுமானாலும் குடியேறலாம். எப்போதாவது தலைமை அலுவலகத்துக்கு வரவேண்டி இருந்தால் செலவு அவர்களுடையது.

ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் இருந்த பிரித்விராஜ் சௌத்ரியும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்த மாற்றத்தை ஆராய்ந்தார்கள். எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்ற நிலைக்கு மாறியவர்களின் வேலையளவு 4.4 விழுக்காடு கூடியது. திரும்பச் செய்யவேண்டிய பிழையான வேலை குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை.

அரசாங்க ஊழியர்களை நேரடியாக ஆராய்ந்த இந்த எண்ணை, வீட்டு வேலைக்கு ஆதரவானவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? ஏற்கெனவே வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள், எங்கிருந்தும் வேலை செய்யத் தொடங்கியபோது ஏற்பட்ட மாற்றம் இது. வீட்டையும் அலுவலகத்தையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிடவில்லை. ஓர் ஆய்வு எதை எதோடு ஒப்பிட்டது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவது பெரியவர்களும் செய்யும் தவறு.

ஒற்றைப்படை, இரட்டைப்படை

வீட்டையும் அலுவலகத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனை சீனாவில் நடந்தது. ஷாங்ஹாயில் சிடிரிப் என்ற பயண நிறுவனம் உண்டு. அதன் தொலைபேசிச் சேவைப் பிரிவினரிடம் 2010ல், வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விருப்பமா என்று கேட்டார்கள். விரும்பியவர்களுள் தகுதிபெற்றவர்கள் 249 பேர். வீட்டில் வேலைக்கென ஓர் அறை இருக்க வேண்டும் என்பதும் தகுதிகளுள் ஒன்று.

அவர்களில் யாரை வீட்டுக்கு அனுப்புவது? மேலாளர் தேர்ந்தெடுத்தால் நல்ல ஊழியர்களையே அனுப்பிவிடலாம். ஒப்பீடு கெட்டுவிடும். அதனால் பிறந்த தேதியைப் பார்த்தார்கள். இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். ஒற்றைப்படைத் தேதிக்காரர்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள். 8ஆம் தேதி பிறந்தவர் 9ஆம் தேதி பிறந்தவரைவிடச் சோம்பேறியாக இருக்கக் காரணம் ஏதும் இல்லை. ஆகவே இரு குழுவுக்கும் இடையே வேறுபாடு வந்தால், அது வேலை செய்த இடத்தால் வந்தது என்று நம்பலாம். இதில் ஒற்றைப்படைத் தேதிக்காரர்கள்தான் ஒப்பீட்டுக் குழு. உங்கள் ஆய்வுக்கூடத்தில் மருந்து ஊற்றாமல் வைக்கும் சோதனைக் குழாய்க்கு என்ன வேலையோ, அதே வேலைதான் அவர்களுக்கும்.

ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால், வீட்டுக் குழுவின் வேலை 13 விழுக்காடு கூடியிருந்தது. பெரும்பகுதிக்குக் காரணம் எளிது. அவர்கள் இடைவேளையும் மருத்துவ விடுப்பும் குறைவாக எடுத்தார்கள்.

இத்தோடு கதை முடிந்தால் எல்லாருக்கும் வசதிதான். ஆனால் சோதனை முடிந்ததும் "இனி எங்கே வேலை செய்வது என்று நீங்களே முடிவுசெய்யுங்கள்" என்று நிறுவனம் சொன்னபோது, வீட்டுக் குழுவில் ஏறக்குறையப் பாதிப் பேர் அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டார்கள். பெரிய காரணம் தனிமை. அதோடு, ஒரே அளவு நன்றாக வேலை செய்தவர்களை ஒப்பிட்டால், வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பும் குறைந்திருந்தது.

அந்த ஆய்வில் பங்காற்றிய ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கலஸ் புளூம், அதே நிறுவனத்தில் பிற்பாடு நடந்த இன்னொரு சோதனையையும் சக ஆய்வாளர்களோடு ஆராய்ந்தார். அதன் முடிவு 2024ல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியானது. இம்முறை பொறியாளர்கள், சந்தைப்படுத்துவோர், நிதித் துறையினர் என 1,612 பேர். மறுபடியும் பிறந்த தேதிக் குலுக்கல்தான். ஆனால் வீட்டில் வேலை செய்தது வாரத்தில் இரண்டு நாள் மட்டும். வேலைத் தரத்திலும் பதவி உயர்விலும் எந்த வேறுபாடும் தென்படவில்லை. வேலையைவிட்டு விலகுவோர் எண்ணிக்கை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சோதனைக்கு முன்பு மேலாளர்களைக் கேட்டபோது, இந்த ஏற்பாட்டால் வேலை சராசரியாக 2.6 விழுக்காடு குறையும் என்றார்கள். முடிந்த பிறகு அதே மேலாளர்கள் 1 விழுக்காடு கூடும் என்றார்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்துவந்த அமெரிக்க அரசாங்க ஊழியர்களில் பெரும்பாலோர் இழந்தது ஏறக்குறைய இந்த இரண்டு நாள் ஏற்பாட்டைத்தான்.

சென்னை விடுகதை

இதுவரை படித்ததை வைத்து "வீடுதான் சிறந்தது" என்று முடிவு கட்டிவிட்டீர்களா? சற்றுப் பொறுங்கள். இப்போது சென்னைக்குப் போவோம்.

டேவிட் அட்கின், அன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகிய மூவர் அங்கே கணினியில் தகவல் பதிவு செய்யும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஆய்வுக்காகவே உருவாக்கிய வேலை அது. வீட்டில் வேலை செய்ய விருப்பமா, அலுவலகத்திலா என்று ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஆனால் விருப்பப்படி அனுப்பவில்லை. குலுக்கல் முறையில் அனுப்பினார்கள். தட்டச்சு வேகத்தையும் பிழைகளையும் கணினியே அளந்தது.

வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் வேலை 18 விழுக்காடு குறைவாக இருந்தது. இந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளே தெரிந்தது. மிச்சம், அலுவலகத்தில் இருந்தவர்கள் நாளாக ஆக வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்த இடைவெளி.

விடுகதை இனிதான் வருகிறது. வீட்டை விரும்பியவர்கள் மற்றவர்களைவிடத் திறமை குறைந்தவர்களா? இல்லை. தொடக்கத் தேர்வில் அவர்கள் 12 விழுக்காடு கூடுதல் வேகத்தோடும் துல்லியத்தோடும் இருந்தார்கள். அப்படியானால் விரும்பியபடி வீட்டில் உட்கார்ந்தால் அசத்துவார்கள் அல்லவா? அதுவும் இல்லை. அலுவலகத்தை விரும்பியவர்களை வீட்டுக்கு அனுப்பியபோது 13 விழுக்காடு சரிவு. வீட்டை விரும்பியவர்களை அவர்கள் விரும்பியபடியே வீட்டுக்கு அனுப்பியபோது 27 விழுக்காடு சரிவு!

வீடு யாருக்கு அதிகம் தேவைப்பட்டதோ, அவர்களுக்குத்தான் வீட்டில் வேலை அதிகம் ஓடவில்லை. ஏன் இப்படி?

அவர்கள் யார் என்று பார்த்தால் முடிச்சு அவிழ ஆரம்பிக்கிறது. சிறு பிள்ளைகள் உள்ள தாய்மார்கள், வீட்டில் மற்றவர்களைக் கவனிக்கும் பொறுப்பு உள்ளவர்கள், வசதி குறைந்த குடும்பத்தினர். இந்தப் பொறுப்புகளால் அவர்களுக்கு அலுவலகம் போவது கடினம். அதே பொறுப்புகள்தான் வீட்டிலும் வேலையின் நடுவே வந்து கையைப் பிடித்து இழுக்கின்றன. "வீட்டிலேயே இருக்க ஆசைப்படுகிறார்களே, சொகுசுக்காகத்தான்" என்று நினைப்பவர்கள் இந்த முடிவைப் படிக்க வேண்டும். அந்தத் தாய்க்கு வீட்டு வேலை போனால், கூடுதலாக வேலை செய்யும் ஊழியராக அவர் அலுவலகத்துக்கு வந்து நிற்பார் என்று எதிர்பார்க்க முடியுமா? அவர் வேலையையே விட்டுவிடக்கூடும்.

ஷாங்ஹாய்க்கும் சென்னைக்கும் ஏன் இந்த வேறுபாடு? ஷாங்ஹாயில் அனுபவமுள்ள ஊழியர்கள், தனி அறை, அவர்களாகவே முன்வந்தவர்கள். சென்னையில் புதியவர்கள், விருப்பத்தைப் பார்க்காத குலுக்கல், பலருக்கு நெருக்கடியான வீடு. என் பார்வையில், "வீட்டிலிருந்து வேலை" என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்களைத்தான் இந்த ஆய்வுகள் அளந்திருக்கின்றன.

எண்ண முடியாதவை

அரசாங்கத்தின் பக்கமும் சொல்ல விஷயம் உண்டு. அமெரிக்க அரசாங்கப் பொறுப்புடைமை அலுவலகம் 2023ன் முதல் மூன்று மாதங்களில் 24 பெரிய அமைப்புகளின் தலைமையகங்களை ஆராய்ந்தது. அவற்றுள் 17 அமைப்புகள் தங்கள் கட்டடத்தின் கொள்ளளவில் சராசரியாக 25 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவாகவே பயன்படுத்தின. அரசாங்க அலுவலகக் கட்டடங்களை இயக்கிப் பராமரிக்க ஆண்டுக்குச் சுமார் 2 பில்லியன் அமெரிக்க டாலர் செலவாகிறது. வரி செலுத்துபவர் கேள்வி கேட்பது நியாயம்தான். (காலிக் கட்டடத்தை விற்றுவிடலாமே என்பது இன்னொரு நியாயம்.)

புள்ளிக் கணக்கில் வராத வேலையும் உண்டு. நிரல் எழுதும் பொறியாளர்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், சில குழுக்கள் ஒரே கட்டடத்தில் இருந்தன. வேறு சில குழுக்கள் சற்றுத் தள்ளியிருந்த இரண்டு கட்டடங்களில் பிரிந்திருந்தன. ஒரே கட்டடத்தில் இருந்தபோது இளம் பொறியாளர்களின் வேலையைப் பற்றிச் சக ஊழியர்கள் கூடுதலாகக் கருத்துச் சொன்னார்கள். கொவிட்-19 வந்து எல்லாரும் வீட்டுக்குப் போனதும் அந்த அனுகூலம் மறைந்துவிட்டது. அதேநேரத்தில், அருகருகே உட்கார்ந்திருந்த காலத்தில் மூத்தவர்கள் எழுதிய நிரல் குறைவு. இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நேரம் அவர்கள் கணக்கில் நட்டமாகப் பதிவாயிற்று. புள்ளியை மட்டும் பார்க்கும் மேலாளர் மூத்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மகிழ்வார். நட்டம் சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்.

யோசனை பிறப்பதும் அப்படித்தான். 2022ல் வெளியான ஓர் ஆய்வில், 602 பேரை இருவர் இருவராகப் பிரித்து, ஒரு சாதாரணப் பொருளைப் புதிய விதங்களில் எப்படிப் பயன்படுத்தலாம் என்று யோசிக்கச் சொன்னார்கள். நேரில் உட்கார்ந்த இணையர்கள் காணொளியில் பேசிய இணையர்களைவிடக் கூடுதல் யோசனைகளைச் சொன்னார்கள். காரணம் கண் போன இடம். காணொளியில் பேசுபவர் திரையையே உற்றுப் பார்க்கிறார். நேரில் பேசுபவரின் பார்வை அறையெங்கும் அலைகிறது. சிந்தனையும் கூடவே அலைகிறது. ஆனால் சொன்ன யோசனைகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில் காணொளி இணையர்கள் சளைக்கவில்லை.

சுற்றுச்சூழல் கணக்கையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 2023ல் வெளியான கணிப்பு ஒன்றின்படி, முழுநேரமும் தொலைவிலிருந்து வேலை செய்யும் அமெரிக்கரின் வேலை சார்ந்த கரிம வெளியேற்றம் 54 விழுக்காடுவரை குறையலாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் என்றால் வெறும் 2 விழுக்காடுதான்.

எல்லாரும் ஒரே நாளில்

இப்போது மீண்டும் வாஷிங்டனுக்கு வருவோம். ஆணையால் அரசாங்க வேலை மேம்பட்டதா, கெட்டதா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை உங்களிடம் கொடுத்தால் எப்படித் தொடங்குவீர்கள்?

முதல் சிக்கல், ஆணை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போடப்பட்டது. ஒப்பீட்டுக் குழுவே இல்லை. விதிவிலக்குப் பெற்றவர்களை வைத்து ஒப்பிடலாமா? அவர்கள் மருத்துவக் காரணம் போன்ற தனிக் காரணங்களுக்காக விதிவிலக்குப் பெற்றவர்கள். பிறந்த தேதிபோல் அது குலுக்கலில் விழுந்தது அன்று.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. ஆணை வந்து எட்டே நாளில், ஜனவரி 28ஆம் தேதி, ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இப்போதே விலகச் சம்மதித்தால் செப்டம்பர்வரை சம்பளம் உண்டு என்றது அது. சுமார் 75,000 பேர் சம்மதித்தார்கள். ஆட்குறைப்பும் தொடர்ந்தது. ஓர் அலுவலகத்தில் ஓய்வூதிய விண்ணப்பங்கள் தேங்கினால், அதற்குக் காரணம் வீட்டு மேசையிலிருந்து அலுவலக மேசைக்கு மாறியதா, பக்கத்து மேசைக்காரர் வேலையைவிட்டுப் போனதா? விலகியவர்களில் எத்தனை பேர் இரண்டு நாள் வீட்டு வேலை போனதற்காக விலகினார்கள், எத்தனை பேர் எப்படியும் விலகியிருப்பார்கள்? ஒரே சோதனைக் குழாயில் இரண்டு இரசாயனங்களை ஒன்றாக ஊற்றிவிட்டு, நிறம் மாறியது எதனால் என்று கேட்பதுபோல்தான் இது.

ஆணையில் ஒரே ஒரு வரியைச் சேர்த்திருக்கலாம். ஒற்றைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் மார்ச் மாதம் திரும்ப வேண்டும், இரட்டைப்படைத் தேதிக்காரர்கள் செப்டம்பரில் திரும்பினால் போதும் என்று. செலவு ஒன்றும் இல்லை. ஆறு மாதத்தில் முடிக்கப்பட்ட விண்ணப்பங்கள், பதில் சொல்லப்பட்ட தொலைபேசி அழைப்புகள், எடுக்கப்பட்ட மருத்துவ விடுப்புகள், வந்த விலகல் கடிதங்கள் எல்லாவற்றையும் இரண்டு பத்திகளில் எழுதி ஒப்பிட்டிருக்கலாம். ஊழியர்களின் கவலை சரியா, அரசாங்கத்தின் சந்தேகம் சரியா என்பதற்கு, உலகில் இதுவரை யாரிடமும் இல்லாத அளவு பெரிய தரவு கிடைத்திருக்கும். 2025 மார்ச் வந்தபோது அவர்களில் பலர் ஏற்கெனவே அலுவலகத்தில் இருந்தார்கள்.